காணா ஓட்டத்தைக் காட்டும் கதிரணுக்கள்

கொச்சித் துறைமுகத்தை அடுத்த மட்டாஞ்சேரியில், உப்பங்கழியை ஒட்டி நிற்கும் பழைய பண்டகசாலைகளின் வழியே நடந்து செல்வோரைக் கடைப்பலகைகளுக்கு முன்பாகவே வரவேற்பது மணம். மிளகு, சுக்கு, ஏலம், மஞ்சள் ஆகிய சரக்குகள் பல நூற்றாண்டுகளாக இங்கிருந்து மூட்டை மூட்டையாகவே கப்பலேறின. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வாணிபத்தில் ஒரு மாறுதல் நேர்ந்தது. மிளகை மிளகாகவே அனுப்பாமல், அதன் காரத்தையும் மணத்தையும் மட்டும் பிரித்து, கெட்டியான பசையாக்கிக் கலன்களில் அடைத்து அனுப்பும் தொழில் தோன்றியது. இப்பசைக்கு ஓலியோரெசின் என்று பெயர். கொச்சிக்குக் கிழக்கே கோலஞ்சேரி வட்டாரத்தில் 1972இல் தொடங்கிய சிந்தைட் நிறுவனம் இத்தொழிலில் உலகறிந்த ஒன்று. மூட்டைக்கணக்கான மிளகின் சாரம் சிறு கலன் ஒன்றில் அடங்கிவிடுவதால் கப்பல் கூலி மிச்சம். பூச்சி, பூஞ்சணம் பற்றிய கவலையும் இல்லை.

இதன் செய்முறை கேட்பதற்கு எளிது. மிளகை நசுக்கி, உயரமான எஃகுக் கலனில் நிரப்புகிறார்கள். மேலிருந்து அசிட்டோன் போன்ற ஒரு கரைப்பானை ஊற்றுகிறார்கள். கரைப்பான் மிளகுப் படுகையின் ஊடே கீழிறங்கும்போது சாரத்தைக் கரைத்துக்கொண்டு வருகிறது. பின்னர் கரைப்பானை ஆவியாக்கி நீக்கினால் பசை எஞ்சும். நீக்கிய கரைப்பானைக் குளிர்வித்து மீண்டும் பயன்படுத்துவார்கள். பசையில் கரைப்பான் தங்கிவிடலாகாது என்பதற்குக் கடுமையான விதிகள் உண்டு. அமெரிக்க நாட்டு விதியின்படி, மசாலா ஓலியோரெசினில் அசிட்டோன் பத்து லட்சத்தில் 30 பங்குக்கு மேலும், ஹெக்சேன் 25 பங்குக்கு மேலும் இருக்கக்கூடாது.

ஆயினும் இந்த எளிய செய்முறையின் நடுவே ஒரு தொல்லை ஒளிந்திருக்கிறது. நம் வீட்டுக் காப்பி வடிகட்டியை அறிந்தவர்களுக்கு அதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. பொடியை ஒழுங்காகப் பரப்பி, அளவாக அமுக்கி, வெந்நீரை நிதானமாக ஊற்றினால் டிகாக்ஷன் கறுப்பாக இறங்குகிறது. அவசரத்தில் பொடியை ஒரு பக்கமாகக் குவித்து ஊற்றினாலோ, வெந்நீர் ஓர் ஓரத்தில் வழி பறித்துக்கொண்டு கடகடவென்று இறங்கிவிடுகிறது, டிகாக்ஷன் வெளுக்கிறது, மூடியைத் திறந்தால் மறுபக்கத்துப் பொடி நனையாமலே இருக்கக் காண்கிறோம். இதே விபத்து ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் எஃகுக் கலனிலும் நிகழ்கிறது. வீட்டிலோ மூடியைத் திறந்து பார்த்துவிடலாம். எரியும் இயல்புடைய கரைப்பான் நிரம்பிய கலனை நினைத்தபோது திறக்க இயலுமா? ஆலைக்காரர் அறிவதெல்லாம், இவ்வளவு மிளகு போட்டோம், வரவேண்டிய பசையோ வரவில்லை என்பதுதான். படுகையில் குறை உள்ளதா, மிளகின் தரம் குறைவா, கரைப்பான் போதவில்லையா என்பதை இரும்புச் சுவர் சொல்லாது. காரணம் தெரியாமல் கரைப்பானை மேலும் மேலும் ஊற்றினால், அதனை ஆவியாக்கும் எரிபொருட் செலவு ஏறும். சாரமோ சக்கையோடு போய்க்கொண்டே இருக்கும்.

இச்சுவருக்கு அப்பால் நடப்பதை அறிய விஞ்ஞானம் வகுத்துள்ள உபாயங்களுள் ஒன்று கதிரியக்கத் தடங்காட்டி. மாட்டு மந்தை காட்டுக்குள் புகுந்துவிட்டால் மாடுகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் ஒரு மாட்டின் கழுத்தில் கட்டிய மணி, மந்தை எங்கே மேய்கிறது என்பதைத் தெரிவித்துவிடுகிறது. அதுபோல, ஓடும் திரவத்தில் ஒரு துளிக்கு மட்டும் மணி கட்டிவிட வேண்டும். அந்த மணியோசை எஃகைத் துளைத்து வெளியே கேட்கக்கூடியதாக இருக்க வேண்டும். காமாக் கதிர்களுக்கு அந்த ஆற்றல் உண்டு.

இம்முறைக்கு மூலவர் ஹங்கேரி நாட்டவரான ஜார்ஜ் ஹெவசி. 1911இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், புகழ்பெற்ற ரூதர்போர்டின் ஆய்வுக்கூடத்தில் இவர் பணி செய்தார். ஈயத்தோடு கலந்து கிடந்த 'ரேடியம் டி' என்னும் கதிரியக்கப் பொருளைத் தனியே பிரித்துத் தருமாறு ரூதர்போர்டு பணித்தார். ஹெவசி எவ்வளவோ முயன்றும் முடியவில்லை. முடியாததற்குக் காரணம், அதுவும் ஈயமே என்பது பின்னரே விளங்கியது. ஈயத்தின் கதிரியக்க ஐசோடோப் அது. பிரிக்கவே முடியாத ஒன்று, ஈயம் சென்ற இடமெல்லாம் கூடவே செல்லும் அல்லவா? அப்படியானால் அதனையே ஒற்றனாக ஏவலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1913இல் வியன்னாவில் பானெத் என்பவருடன் கூடி, இம்முறையால் ஈய உப்புக்கள் நீரில் எவ்வளவு கரைகின்றன என்று அளந்து காட்டினார். 1943ஆம் ஆண்டுக்குரிய ரசாயன நோபல் பரிசு இதற்காகவே அவருக்குக் கிடைத்தது. மான்செஸ்டரில் உணவு விடுதி நடத்திய அம்மையார், முந்தைய உணவின் மிச்சத்தையே உருமாற்றி மறுபடி பரிமாறுகிறார் என்று ஐயுற்று, தட்டில் எஞ்சியதில் சிறிது கதிரியக்கப் பொருளைத் தூவி, சில நாட்களுக்குப் பின் வந்த பண்டத்தைக் கருவியால் சோதித்து உண்மையை அறிந்ததாக ஹெவசியே சொல்லியிருக்கிறார். இன்று எவரேனும் அவ்வாறு செய்தால் சட்டம் சும்மா விடாது. ஆயினும் தடங்காட்டியின் தத்துவம் முழுவதும் அக்கதையில் இருக்கிறது.

இனி ஆலைக்குள் வருவோம். கலனுக்குள் திரவம் புகும் குழாயில், ஒரு நொடியில், சிறிதளவு தடங்காட்டியைச் செலுத்துகிறார்கள். திரவம் வெளியேறும் குழாயின் வெளிப்புறத்தில் ஒரு கதிர் எண்ணி பொருத்தப்பட்டிருக்கிறது. சோடியம் அயோடைடு படிகம் கொண்ட இவ்வெண்ணி, காமாக் கதிர் தன்மேல் படும்போதெல்லாம் ஒரு சிறு ஒளித் துணுக்கை உமிழ்ந்து, அதனை மின்துடிப்பாக மாற்றிக் கணக்கிடுகிறது. பக்கங்களிலிருந்து வரும் கதிர்கள் குழப்பாதிருக்க, ஈயக்கட்டியில் சிறு துவாரம் செய்து, அதன் வழியாக மட்டும் பார்க்கும்படி வைக்கிறார்கள். நேரத்தைக் கிடையாகவும், எண்ணிக்கையை நெடுக்காகவும் வைத்து வரைந்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். அந்த வளைகோடே கலனின் ஜாதகம் எனலாம். டாங்க்வெர்ட்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொறியியலறிஞர் 1953இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு, இதனைத் 'தங்குநேரப் பகிர்வு' என்ற பெயரால் உலகெங்கும் பயில்கிறார்கள்.

ஜாதகத்தை வாசிக்கும் விதத்தைச் சற்று நிதானமாகக் காண்போம். வரிசை குலையாமல் நடக்கும் ஊர்வலம்போல் திரவம் செல்லுமானால், உள்ளே விட்ட தடங்காட்டி முழுவதும் ஒரே வேளையில் வெளிவரும். கோடு ஒற்றைப் பனைமரம்போல் குறுகி உயர்ந்து நிற்கும். நன்றாகக் கலக்கப்படும் தொட்டியாயின், தடங்காட்டி உள்ளே சென்ற மறுகணமே எங்கும் பரவி, கொஞ்சங் கொஞ்சமாகக் கழுவிச் செல்லப்படும். கோடு சட்டென்று ஏறி, நீண்ட சரிவாக இறங்கும். உண்மையான கலன்கள் இவ்விரண்டுக்கும் நடுவே இருக்கும். வரவேண்டிய நேரத்துக்கு வெகு முன்னதாகவே ஒரு சிகரம் தோன்றினால், திரவம் குறுக்கு வழி கண்டுகொண்டது என்று பொருள். சிகரம் இரண்டாகப் பிளந்திருந்தால் பாதைகள் இரண்டு. கோட்டின் வால் ஓயாமல் நீண்டால், கலனின் ஏதோ ஒரு மூலையில் தேக்கம் இருக்கிறது. வாய்க்காலின் கடைமடை வயலுக்கு நீர் எட்டாததுபோல் அங்கே ஓட்டம் எட்டவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திரவம் நிற்கக்கூடிய இடம் 6,000 லிட்டர் கொண்ட ஒரு கலன். நிமிஷத்திற்கு 50 லிட்டர் வீதம் திரவம் ஓடுகிறது. அப்படியானால் ஒவ்வொரு துளியும் சராசரி 120 நிமிஷம் உள்ளே தங்க வேண்டும். ஆனால் வளைகோட்டிலிருந்து கணித்த சராசரி 84 நிமிஷம்தான் என்று வைத்துக்கொள்வோம். 84ஐ 50ஆல் பெருக்க, 4,200 லிட்டர். எஞ்சிய 1,800 லிட்டர் இடம், அதாவது நூற்றுக்கு 30 பங்கு, வேலை செய்யாமல் வீணே கிடக்கிறது. புதிய கலன் வாங்கலாமா என்று யோசிக்கும் முதலாளிக்கு, இருக்கும் கலனிலேயே மூன்றில் ஒரு பங்களவு உறங்குகிறது என்று தெரிவிப்பது எவ்வளவு பயனுள்ள செய்தி! வாலின் முடிவுவரை அளக்காமல் அவசரப்பட்டுக் கணக்கை முடித்தால் இந்த விடை பிழைபடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இத்துறையில் செய்யப்படும் தவறுகளில் பெரும்பாலானவை பொறுமையின்மையால் வருபவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

தடங்காட்டிகள் எங்கிருந்து வருகின்றன? பம்பாயை அடுத்த டிராம்பேயில் 1956 ஆகஸ்டு 4ஆம் நாள் இயங்கத் தொடங்கிய 'அப்ஸரா' ஆசியாவிலேயே முற்பட்ட அணு உலைகளுள் ஒன்று. 1960இல் 'சைரஸ்' உலையும், 1985இல் 'துருவா' உலையும் அதனைத் தொடர்ந்தன. உலைக்குள் பாயும் நியூட்ரான்களின் நடுவே சாதாரணப் பொருளை வைத்தெடுத்தால் அது கதிரியக்கம் பெறுகிறது. சாதாரண புரோமின் அடங்கிய உப்பை இவ்வாறு வைத்தால் புரோமின்-82 உண்டாகிறது. இதன் அரை ஆயுள் ஏறத்தாழ 35 மணி. அதாவது 35 மணிக்கு ஒருமுறை அதன் கதிரியக்கம் பாதியாகும். பத்து அரை ஆயுட்காலம், சுமார் 15 நாள், கழிந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். மருத்துவமனைகளில் நோயறியப் பயன்படும் டெக்னீஷியம்-99எம் என்பதற்கு அரை ஆயுள் 6 மணி மட்டுமே. அது இரண்டரை நாளில் அதே அளவுக்குத் தேய்ந்துவிடும். சோதனை முடியும்வரை உயிரோடிருந்து, முடிந்தபின் தானே மறைந்துவிட வேண்டும் என்பதே தடங்காட்டியைத் தேர்வதில் முதல் விதி.

அளவைப் பற்றிய அச்சம் பலருக்கு உண்டு. ஒரு கியூரி கதிரியக்கம் தரும் தூய புரோமின்-82இன் எடை, ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் கிடைக்கும் ஒரு பங்குதான். கூடவே வரும் சாதாரண புரோமினையும் சேர்த்தால் எடை கூடும் என்றாலும், டன் கணக்கில் ஓடும் திரவத்தின் இயல்பை மாற்ற அது போதாது. சாயத்தையோ உப்பையோ கலந்து பார்க்கும் பழைய முறைக்கும் இதற்கும் உள்ள பெரிய வேற்றுமை இதுவே. மற்றொன்று, கொதிக்கும் உஷ்ணமும் பெரும் அழுத்தமும் உள்ள கலனில் துளை போடாமலே வெளியிலிருந்து அளக்க முடிவது.

மிளகுக் கலனில் ஓடும் திரவம் ஒன்றே. ஒன்றோடொன்று கலவாத இரு திரவங்கள் எதிரெதிராக ஓடும் உயர்ந்த பிரிப்புத் தூண்களில்தான் இம்முறையின் அருமை நன்கு விளங்கும். தேங்காய்ப் பால் எடுப்பதைச் சற்று நினைவு கூர்க. முதற்பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று நீர் விட்டுப் பிழிகிறோம். மூன்றாம் பாலை வீணாக்காமல், அடுத்த தேங்காயைப் பிழிய நீருக்குப் பதிலாக அதனை ஊற்றினால் என்ன? சாரமிழந்த துருவலைப் புதுநீரும், புதுத் துருவலைச் சாரமேறிய பாலும் சந்திக்கும். குறைந்த நீரில் மிகுந்த சாரம் கிடைக்கும். எதிரோட்டப் பிரிப்பின் தத்துவம் இவ்வளவே.

பெரியாற்றின் கரையில், ஆலுவாயை அடுத்துள்ள இந்திய அருமண் நிறுவனத்தின் ஆலை, 1952 டிசம்பரில் பிரதமர் நேருவால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. சவறைக் கடற்கரையிலும், நமது குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கிடைக்கும் மோனசைட் மணல் இதன் மூலப்பொருளாக இருந்தது. மணலில் அடங்கிய லாந்தனம், சீரியம், நியோடிமியம் முதலிய தனிமங்கள் ஒன்றுக்கொன்று இரட்டைப் பிள்ளைகள்போல் குணம் ஒத்தவை. அமில நீரிலிருந்து ஒரு கரைப்பானுக்குள் அவற்றை இழுக்கும்போது, ஒன்று மற்றதைவிடச் சிறிதே முந்துகிறது. அந்தச் சிறு முந்துதலைப் படிப்படியாகப் பெருக்கினாலொழியப் பிரிவு கைகூடாது. ஆகவே கலக்கும் அறை ஒன்று, தெளியும் அறை ஒன்று என்று மாறி மாறி, பல படிகளை வரிசையாக அமைக்கிறார்கள். ஒரு படியில் திரவம் பின்வாங்கி முந்தைய படியோடு கலந்தால், அதுவரை பெற்ற பயன் அவ்வளவும் அழிந்துபோகும். 'பின்கலப்பு' எனப்படும் இக்குறையைப் பிடிப்பதே பிரிப்புச் சாதனங்களில் தடங்காட்டி செய்யும் தலையாய பணி.

அணு உலையில் எரிந்த யுரேனியத்திலிருந்து புளுட்டோனியத்தைப் பிரிக்கும் ஆலை, டிராம்பேயில் 1964இல் செயற்படத் தொடங்கியது. பின்னர் நம் கல்பாக்கத்திலும் அத்தகைய ஆலை எழுந்தது. சல்லடைத் தட்டுகள் அடுக்கிய தூணில், கனமான நைட்ரிக் அமிலக் கரைசல் மேலிருந்து இறங்க, இலேசான கரைப்பான் கீழிருந்து துளிகளாக ஏறும். தூண் முழுவதையும் ஒரு நாடித்துடிப்புப்போல் மேலும் கீழும் அசைத்து, துளிகள் சல்லடைக் கண்களில் அடிபட்டுச் சிதறும்படி செய்கிறார்கள். துடிப்பு மிகக் குறைந்தால் துளிகள் பெரியனவாகி, பிரிப்புக் குன்றும். மிகுந்தால் துளிகள் பொடிந்து, மேலும் கீழும் போக மாட்டாமல் தூணே அடைத்துக்கொள்ளும். அதனை வெள்ளம் புகுதல் என்பர். இத்தூண்கள் இயங்கத் தொடங்கியபின் பருமனான கான்கிரீட் சுவருக்கு உள்ளே மறைந்துவிடுகின்றன. ஆகையால் மாதிரித் தூணைக் கட்டி, முன்னதாகவே அதன் ஓட்டத்தைப் பயின்று கொள்வது அவசியமாகிறது.

மாதிரித் தூணில் இரு திரவங்களுக்கும் தனித்தனியே மணி கட்ட வேண்டும். இங்கே புரோமின் இரண்டு வேஷம் புனைந்து வருகிறது. அம்மோனியம் புரோமைடாக வந்தால் அது நீரோடு செல்லும். டைபுரோமோபென்சீனாக வந்தால் எண்ணெய் போன்ற கரைப்பானோடு செல்லும். கதிர் ஒன்றே, எண்ணியும் ஒன்றே. ஒட்டிக்கொள்ளும் திரவம்தான் வேறு. முதலில் நீருக்கும், அது தேய்ந்தபின் கரைப்பானுக்குமாக இரண்டு சோதனைகள் செய்து, தூணின் உயரத்தில் பல இடங்களில் எண்ணிகளை நிறுத்தி, ஒவ்வொரு திரவமும் எங்கே தயங்குகிறது, எங்கே பின்னுக்குத் திரும்புகிறது என்று கண்டுகொள்கிறார்கள். தடங்காட்டி தன் திரவத்தை விட்டு மற்றதற்குள் கட்சி மாறவில்லை என்பதை ஆய்வுக்கூடத்தில் முன்பே உறுதி செய்துகொள்ளாவிட்டால், எவ்வளவு அழகான வளைகோடும் பொய்யே சொல்லும்.

கொச்சியின் அம்பலமுகளில் 1966 முதல் இயங்கும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை போன்றவற்றில் வானளாவ நிற்கும் கோபுரங்களுக்கு வேறொரு முறை உண்டு. அதில் திரவத்துள் எதையும் கலப்பதில்லை. கோபால்ட்-60 போன்ற கதிர்மூலத்தை மூடிய உறைக்குள் வைத்து, கோபுரத்தின் ஒரு புறத்திலும், எண்ணியை மறு புறத்திலும், கிணற்றில் வாளியை இறக்குவதுபோல் ஒரே மட்டத்தில் இறக்குகிறார்கள். தட்டும் திரவமும் உள்ள இடத்தில் எண்ணிக்கை குறையும், வெற்றிடத்தில் கூடும். இருக்க வேண்டிய தட்டு கழன்று விழுந்திருந்தால், ஆலையை நிறுத்தாமலே தெரிந்துவிடும்.

மட்டாஞ்சேரிக்கும் வெல்லிங்டன் தீவுக்கும் இடையிலுள்ள கால்வாயில் ஆண்டுதோறும் சேறு சேர்வதையும், அதனை ஓயாமல் தோண்டி எடுப்பதையும் அவ்வூரார் அறிவார்கள். தோண்டிய சேற்றை எங்கே கொட்டினால் அது திரும்பி வராது என்பதும் ஓர் ஓட்டப் பிரச்சினையே. நம் நாட்டில் கதிரியக்கத் தடங்காட்டியின் முதற் பெரும் பிரயோகம் 1959இல் பம்பாய்த் துறைமுகத்தில் இக்கேள்விக்காகவே நடைபெற்றது. ஸ்காண்டியம் கலந்த கண்ணாடியைச் சேற்றுத் துகள் அளவுக்குப் பொடித்து, உலையில் கதிரியக்கம் ஏற்றி, கடலடியில் இட்டு, படகிலிருந்து எண்ணியை இறக்கி அதன் போக்கைத் தொடர்ந்தார்கள். ஸ்காண்டியம்-46இன் அரை ஆயுள் 84 நாள். மாதக்கணக்கில் நகரும் சேற்றுக்கு அது பொருந்தும், மணிக்கணக்கில் ஓடும் கரைப்பானுக்குப் பொருந்தாது.

இனி, பாதுகாப்பு. இத்தகைய சோதனையை நினைத்தவர் நினைத்தபடி செய்துவிட இயலாது. 1983இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியும், பயிற்சி பெற்றவர்களும் வேண்டும். பொருள் ஈயப் பெட்டியில் வருகிறது. செலுத்துவோர் நீண்ட கைப்பிடியுள்ள கருவிகளைக் கையாண்டு, தூரத்தில் நின்று, சில நிமிஷங்களில் வேலையை முடிக்கிறார்கள். ஒவ்வொருவர் மார்பிலும் அவர் பெற்ற கதிரின் அளவைக் குறிக்கும் பட்டை இருக்கிறது. வெளிவரும் திரவத்தின் கதிரியக்கம் அனுமதித்த அளவுக்குக் கீழே இறங்கியதா என்று பார்த்த பின்னரே அது சேமிப்புத் தொட்டியை விட்டு நீங்கும்.

அப்படியானால் மட்டாஞ்சேரி மணக்கும் மிளகுக்கு இதனைப் பிரயோகிக்கலாமா? உண்ணும் பண்டம் ஆதலால் இங்கே முறை மாறுகிறது. முதலில் எளிய வழியைப் பார்ப்பதே விவேகம். சாரம் இறக்கிய பழைய மிளகுச் சக்கையைக் கலனில் நிரப்பி, நீரை ஓடவிட்டு, ஒரு குவளை உப்புக் கரைசலைச் சேர்த்து, வெளிவரும் நீரின் மின்கடத்தும் தன்மையை அளந்தாலே குறுக்கு வழி உண்டா இல்லையா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். சக்கை நீரில் ஊறிப் பருத்து, கரைப்பானில் இருப்பதைவிட வேறு விதமாக நடந்துகொள்ளும் என்பதால் இது தோராயமான விடையே. உப்பினால் முடிகிற இடத்தில் கதிரணுவை நாடுவது வீண் ஆடம்பரம். எந்தப் பக்கத்தில், எந்த உயரத்தில் வழி பறிந்தது என்று அறிய வேண்டிய நிலை வந்தால் மட்டுமே, விற்பனைக்குப் போகாத தனி ஈடு ஒன்றைப் போட்டு, கலனைச் சுற்றி நான்கு திசையிலும் எண்ணிகளை வைத்துச் சோதிக்கலாம். வடக்கே உள்ள எண்ணி தெற்கே உள்ளதற்கு முன்பே விழித்துக்கொண்டால் வழி வடக்கே. அந்த ஈட்டின் பசையும் சக்கையும் கதிரியக்கம் தேய்ந்தபின் கழிவாகவே கொள்ளப்படும். மூட்டைக்கோ கலனுக்கோ திரும்புவதில்லை. அதன்பின் செய்ய வேண்டிய திருத்தம் பெரும்பாலும் மிகச் சிறியது: கரைப்பானை ஒரே இடத்தில் கொட்டாமல் பரப்பித் தெளிக்கும் துளைத் தட்டு ஒன்றை மேலே பொருத்துவது, அல்லது மிளகை மாவாகப் பொடிக்காமல் அவலைப்போல் தட்டையாக நசுக்கிப் போடுவது.